எட்டாவது மீன் குழம்புக் கறை

“கறையோட பேரு சாம்பல்னு எழுதுங்க.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்கள். கேண்டீனில் சொன்னார்கள். பஸ்ஸில் சொன்னார்கள். லேடீஸ் டாய்லெட்டில் கை கழுவும்போது முன்பின் தெரியாத ஒரு அக்கா கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். லீவு கேட்கலாம், சம்பள உயர்வு கேட்கலாம், பர்ச்சேஸ் மேனேஜரின் மச்சான் எப்படி ஸ்டோர்ஸ் மேனேஜர் ஆனார் என்றுகூடக் கேட்கலாம். உடைப் பராமரிப்புப் பிரிவின் கவுண்டரில் போய் அந்த வார்த்தையை எழுதச் சொல்லிக் கேட்கக் கூடாது. பத்து மாதம் நானும் கேட்காமல்தான் இருந்தேன்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த கிளார்க் அருள்பிரகாசம் பேனாவுக்கு மூடி போட்டார்.

“இன்னாமா ஐரீன், ஒடம்பு நல்லாத்தான கீது?”

நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

“அப்ப இன்னாத்துக்கு வெள்ளன வந்து பேஜார் பண்றே? அந்தப் பேரு லிஸ்ட்லயே இல்லம்மா.”

உண்மைதான், இல்லை. அவர் முன்னால் இருந்த கறைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அனுமதிக்கப்பட்ட கறைகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. டீ, எண்ணெய், மை, வெற்றிலை, ரத்தம், மீன் குழம்பு. பட்டியலைத் தயாரித்தவர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு ஆலோசகர். இந்தப் பக்கத்து ஜனங்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று விசாரித்துவிட்டு, ஆறாவதைத் தானாகவே சேர்த்தாராம். வேறு எதிலும் அடங்காத கறை எல்லாம் ஆறாவதில் அடங்கும் என்பது வழக்கம். என் சட்டையின் பெயரில் ஏற்கெனவே ஏழு மீன் குழம்பு இருந்தது.

எட்டாவது விழுந்தால் நிரந்தர வேலை கிடையாது. விதி எண் பதினேழு.

வெண்தாரகை கெமிக்கல்ஸ் மணலிப் பக்கம் இருக்கிறது. பெயின்ட் கம்பெனிகளுக்குப் போகிற ஒரு பொடியைத் தயாரிக்கிறோம். அதற்கு இரண்டு கொதிகலன்கள். இரண்டும் நிலக்கரியில் ஓடுகின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே புகைக்கூண்டு. அதிலிருந்து ராத்திரியும் பகலும் ஒன்று வெளியே வந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கம்பெனியில் பெயர் கிடையாது. ஊரில் உண்டு.

நான் தர ஆய்வகத்தில் டிரெய்னி. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை உள்ளேயிருந்து பார்த்த முதல் ஆள். அப்பா சாலமன் ஹார்பரில் சரக்கு தூக்கி, இடுப்பு போய், கட்டிலில் இருக்கிறார். அம்மா ரோசி லேபிள் வெட்டுகிறாள். வெளிநாட்டுக்குத் தைத்து, தையல் கோணல் என்றோ கலர் சரியில்லை என்றோ கப்பல் ஏறாமல் போன சட்டைகள் வண்ணாரப்பேட்டையில் சௌக்கத் அலி பாய் குடோனுக்கு வரும். பிராண்ட் பெயரோடு விற்கக் கூடாது. அதனால் கழுத்து லேபிள், விலா லேபிள் எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டுத்தான் கடைக்கு அனுப்புவார்கள். அந்த மூட்டைகள் எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் எங்கள் மூன்றாவது மாடிக்கு வரும். ஒரு நாளைக்கு ஐந்நூறு சட்டை. எங்கள் வீட்டில் பல் விளக்கும்போது வாயில் லேபிள் வரும்.

டிரெய்னி காலம் ஒரு வருடம். அது முடிந்து நிரந்தரமானால் இ.எஸ்.ஐ. உண்டு. இ.எஸ்.ஐ. வந்தால் அப்பாவின் இடுப்புக்கு ஆபரேஷன் நடக்கும். டாக்டர் தேதி வரைக்கும் சொல்லிவிட்டார், கார்டு மட்டும்தான் பாக்கி. நான் இந்தக் கம்பெனியில் நின்றதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

நிரந்தரமாவதற்கு ஆய்வகத்தில் நான் என்ன செய்கிறேன் என்பதை யாரும் பார்ப்பதில்லை. சட்டையைப் பார்ப்பார்கள்.

எங்கள் யூனிஃபார்ம் மேலிருந்து கீழ்வரை வெள்ளை. சட்டை, பேன்ட், ஷூ எல்லாம். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வரிசையில் நின்று, வலது கையால் காலரைப் பிடித்துக்கொண்டு உறுதிமொழி எடுக்க வேண்டும். “என் வெண்மை என் கம்பெனியின் வெண்மை. என் கறை என் கறை.” முடிந்ததும் உடைப் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து ஒவ்வொரு காலருக்கும் பக்கத்தில் ஒரு அட்டையை வைத்துப் பார்ப்பார். அட்டையில் ஒன்பது வெள்ளைகள் உண்டு. முல்லை, பால், சங்கு, முத்து, பஞ்சு, சோறு, மோர், சுண்ணாம்பு. ஒன்பதாவது வெள்ளைக்கு ‘உள்ளூர்’ என்று பெயர். நான் சேரும்போது பால். ஆடி மாதம் மோர். தீபாவளிக்குள் உள்ளூருக்கு வந்துவிட்டேன்.

ஷூவுக்கு வேறு முறை. கேட்டிலிருந்து ஆய்வகம் வரை இருநூறு அடி நடக்க வேண்டும். வழி முழுக்க அந்தப் பெயரில்லாத பொருள் படிந்திருக்கும். ஆய்வக வாசலில் ஒரு வெள்ளைத் தாள் விரித்திருப்பார்கள். அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். தடம் விழுந்தால் தாளில் நம் பெயரை எழுதி ஃபைலில் வைப்பார்கள். என்னோடு சேர்ந்த சைமா கெட்டிக்காரி; ஷூவுக்கு மேல் கேரி பேக் கட்டிக்கொண்டு நடந்தாள். ஒரே வாரத்தில் ஆய்வகம் முழுக்கக் கேரி பேக் காலோடு நடந்தது. பத்தாவது நாள் சுற்றறிக்கை வந்தது: பிளாஸ்டிக் பை சுற்றுச்சூழலுக்குக் கேடு, இயற்கையை நேசிக்கும் நம் நிறுவனம் அதை அனுமதிக்காது. அதற்குப் பிறகு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தோம். கால் கறுத்தது. காலுக்கு அட்டை கிடையாது என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த எல்லாவற்றுக்கும் தலைவர் அலெக்ஸாண்டர் சார். உடைப் பராமரிப்புப் பிரிவின் தலைமை மேலாளர். சேர்ந்த முதல் மாதமே எங்களுக்கு லேபிள் வகுப்பு எடுத்தார். சட்டையின் உட்பக்கம், விலாவில், ஆறு பொம்மைகள் போட்ட லேபிள் இருக்கிறது, எல்லோரும் திருப்பிப் பாருங்கள் என்றார். எல்லோரும் திருப்பினார்கள். எனக்குத் திருப்ப ஒன்றுமில்லை. யூனிஃபார்மை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று ராத்திரியே, இரண்டு செட்டிலும் லேபிளை அம்மா வெட்டிவிட்டாள். வேண்டும் என்று செய்யவில்லை. பக்கத்தில் மூட்டை பிரித்திருந்தது, கையில் கத்தரி இருந்தது, சட்டை என்று எது மடியில் வந்தாலும் கை தானாகப் போகும். பாதிரியாரின் அங்கி கிழிசல் தைக்க வந்தபோது அதிலும் வெட்டியிருக்கிறாள். வகுப்பில் நான் சைமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

தொட்டியின் மேல் பெருக்கல் குறி: தண்ணீரில் துவைக்காதே. முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி: பிளீச் போடாதே. சதுரத்துக்குள் வட்டம், அதன்மேலும் பெருக்கல் குறி: மெஷினில் உலர்த்தாதே. மூலையில் இரண்டு சாய்ந்த கோடு போட்ட சதுரம்: நிழலில் காயவை. ஒரே ஒரு புள்ளி வைத்த இஸ்திரிப் பெட்டி: லேசான சூடு. வட்டத்துக்குள் ஒரு எழுத்து: டிரை கிளீன் மட்டும்.

படித்து முடித்துவிட்டு நான் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டேன். கம்பெனி கொடுத்த பணியாளர் கையேட்டில், உடையைத் தினமும் தண்ணீரில் துவைக்க வேண்டும், மாதம் ஒருமுறை பிளீச் போட வேண்டும், நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும் என்று இருக்கிறதே, எதைச் செய்வது?

அலெக்ஸாண்டர் சார் சந்தோஷப்பட்டார். இதைக் கேட்க ஒரு ஆள் வருவார் என்று காத்திருந்தவர் மாதிரி விளக்கினார். “லேபிள், உடைக்குச் சொல்றது. கையேடு, ஊழியருக்குச் சொல்றது. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. லேபிள்படி நடக்கலேன்னா உடை கெடும். கையேடுபடி நடக்கலேன்னா வேலை போகும். அவங்கவங்க கடமையை அவங்கவங்க செஞ்சா பிரச்சினையே இல்ல.” எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன்.

நான் துவைத்தேன். தினமும் துவைத்தேன். எர்ணாவூரில் மொட்டை மாடியில் காயப்போட்டால், எடுக்கும்போது போட்டதைவிட ஒரு வெள்ளை கீழே இருக்கும். வீட்டுக்குள் கட்டிலுக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டேன். அப்பாவின் முகத்தில் சொட்டியது. ஜன்னலை மூடினோம். சட்டை நாறியது. நாற்றத்துக்கும் ஒரு விதி உண்டு, அது இருபத்திரண்டு. ஜன்னலைத் திறந்தோம்.

ஒவ்வொரு மாதமும் கவுண்டருக்குப் போய்க் கறையைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத கறை மறைத்த கறை. அருள்பிரகாசம் மீன் குழம்பு என்று எழுதுவார், நான் கையெழுத்துப் போடுவேன். ஊரே அப்படித்தான் போட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கை அலெக்ஸாண்டர் சார் திரையில் போட்டுக் காட்டுவார். ஒரு காலாண்டில் நானூற்றுப் பன்னிரண்டு மீன் குழம்பு. இந்தப் பகுதி மக்களுக்குச் சாப்பிடும்போது கவனம் இல்லை என்பது அறிவியல்பூர்வமாகத் தெரிகிறது என்றார். கேண்டீனில் மீன் குழம்பை நிறுத்தினார்கள். அடுத்த காலாண்டில் நானூற்று அறுபது. வெளியிலிருந்து கடத்தி வருகிறார்கள் என்று முடிவு செய்து, கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்க்க ஒரு ஆள் போட்டார்கள். ஐந்நூற்று மூன்று. நோன்பு மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு சைமாவின் தோளில் மீன் குழம்பு பதிவானது. அவள் எச்சில்கூட விழுங்காமல் இருந்த நேரம் அது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, “அல்லா மன்னிப்பாரு, அலெக்ஸாண்டர் மன்னிக்க மாட்டாரு” என்றாள். சாம்பல் என்று எழுதச் சொல்லிக் கேட்டுவிடாதே என்று என்னிடம் அதிகமாகச் சொன்னவளும் அவள்தான்.

கேட்டுவிட்டேன். எழுதினால் எட்டாவது மீன் குழம்பு, எழுதாவிட்டால் மறைத்த கறை. எந்தப் பக்கம் போனாலும் அப்பா கட்டிலில்தான். சரி, பார்த்ததையாவது சொல்வோம் என்று தோன்றிவிட்டது.

அருள்பிரகாசம் அக்கம்பக்கம் பார்த்தார். “வெத்தலன்னு போட்டுக்கட்டாமா? வெத்தலக்கி இன்னும் எடம் கீது.”

“நான் வெத்தல போட மாட்டேண்ணே.”

“மீன் கொழம்பு மட்டும் ஊத்திக்கினா வந்தே?” என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, நான் சொன்னதை ஒரு துண்டுச் சீட்டில், பென்சிலில் எழுதி, என்னையும் சீட்டையும் மாடிக்கு அனுப்பினார்.

அலெக்ஸாண்டர் சார் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். நான் கேட்டது சாதாரண விஷயம் இல்லை என்பதை எனக்குப் புரியவைக்க ஆசைப்பட்டார்.

“நாம ஏன் வெள்ளை உடுத்தறோம் தெரியுமா? காத்தை அளக்க மெஷின் இருக்கு. மெஷின் வெச்சா அது ஒரு நம்பர் காட்டும். நம்பர் காட்டினா அதை யாராவது படிப்பாங்க. படிச்சா கேள்வி வரும். மனுஷனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டா நம்பர் கிடையாது. வர்ற பெரியவங்க பார்ப்பாங்க, ஆஹா, ஆளுங்க இவ்வளவு வெள்ளையா இருக்காங்களே, காத்து எவ்வளவு சுத்தமா இருக்கும்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நீங்கதான்மா எங்க மெஷின். மெஷினே வந்து சாம்பல்னு பேசினா எப்படி?”

சட்டையில் இருப்பது சாம்பல்தானே சார் என்றேன்.

“இருக்கலாம். இருக்கறது வேற, பதிவாகறது வேற. நீ சயின்ஸ் படிச்ச பொண்ணு, உனக்கு நான் சொல்லணுமா? வர்ற வியாழக்கிழமை மண்டபத்துல கருத்துக் கேட்புக் கூட்டம். மூணாவது கொதிகலனுக்கு. ஊர்க்காரங்க வருவாங்க, கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து வருவாங்க. பத்து வருஷப் பதிவேட்டைக் கொண்டுபோய் மேஜைமேல வைக்கப் போறோம். ஒரு இடத்துல அந்த வார்த்தை கிடையாது. பத்து வருஷம்மா.” உண்மையாகவே பெருமைப்பட்டார்.

பிறகு, விதிப்படி கறைப் புகாரைப் பரிசீலிக்கிறேன், லேபிள் எண்ணைக் காட்டு என்றார். நான் சட்டையின் ஓரத்தைத் திருப்பினேன். அங்கே வெட்டிய நூல் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சாம்பலுக்கு எழாதவர் இதற்கு எழுந்தார்.

“லேபிள் எங்கே?”

அம்மா வெட்டிவிட்டாள் என்று சொன்னேன்.

லேபிள் இல்லாத சட்டை சட்டையே அல்ல என்பது விதி ஐந்து. சட்டை அல்லாத ஒன்றில் கறை இருக்க முடியாது. ஆனால் பத்து மாதமாக நான் சட்டை இல்லாமல் வேலைக்கு வந்திருக்கிறேன் என்றும் ஆகிறது, அது விதி இரண்டு. புது லேபிள் வேண்டுமானால் இரண்டு சட்டையையும் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் யூனிஃபார்ம் இல்லாமல் கேட்டுக்குள் வர முடியாது. லேபிள் தருகிற அறை கேட்டுக்குள் இருந்தது. இதையெல்லாம் அவரே வாய்விட்டு யோசித்து, சுற்றிச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்து, கடைசியில் விசாரணைக் கமிட்டி போட்டார். சாட்சியாக என் அம்மாவைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை அம்மா கோயிலுக்குப் போகிற சேலை கட்டிக்கொண்டு வந்தாள். நீண்ட மேஜைக்கு அந்தப் பக்கம் அலெக்ஸாண்டர் சாரும், மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மேடமும், மினிட்ஸ் எழுத ஒருவரும் இருந்தார்கள். பதிவேட்டை வைத்துக்கொண்டு அருள்பிரகாசம் சுவரோரம் நின்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வெட்டியது நீங்களா என்று மேடம் கேட்டார்.

“ஆமாம்மா. இல்லன்னு சொல்லுவனா? ஒரு நாளிக்கி ஐந்நூறு வெட்றேன், அத்தோட இத்தயும் வெட்டிட்டேன். கை போயிடுச்சி. பொண்ணு மேல தப்பு இல்ல.”

அதில் என்ன எழுதியிருந்தது என்றாவது உங்களுக்குத் தெரியுமா என்று அலெக்ஸாண்டர் சார் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“எழுத்து தெரியாது சார். பொம்ம தெரியும்.”

அவர் மினிட்ஸ் எழுதுகிறவரின் பேனாவை வாங்கி அம்மாவிடம் நீட்டினார். வேடிக்கைக்காகத்தான். அம்மா மேஜைமேல் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஆறு பொம்மையையும் வரிசையாக வரைந்தாள். பெருக்கல் குறி, சாய்ந்த கோடு, புள்ளி எதுவும் விடவில்லை. மேடம் தன் சட்டையின் ஓரத்தைத் திருப்பி லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மெதுவாக இறக்கிவிட்டார்.

“இது தண்ணியே படக்கூடாத துணி சார்,” என்றாள் அம்மா. “இத்த ஓட்டல்ல, ஏசி ரூம்ல நிக்கிறவன் போடுவான். நீங்க இன்னா நெனச்சி இத்த எர்ணாவூருக்குக் குட்த்தீங்க?”

அம்மா என்னை அருகில் இழுத்தாள். என் காலரைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, விரலை மோந்து பார்த்து, அதை மேஜைக்கு அந்தப் பக்கம் நீட்டிக் காட்டினாள். விரல் நுனி கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தது.

“மீன் கொழம்பாமே இது. கொழம்புல மஞ்சத் தூளு போடுவோம் சார். கொழம்பு கொட்ன துணிக்கி சோப்பு போட்டா மஞ்ச செவந்து காட்டும். எந்த வூட்ல வேணா கேளுங்க. பத்து மாசமா தெனம் எங்க வூட்லதான் தொவைக்கிறோம், ஒரு நாளு செவக்கல. தண்ணிதான் கறுத்துப் போவுது. வந்து பாருங்க, பக்கெட்டு அடியில இந்தத் தண்டிக்கித் தங்கிக் கீது.”

மூன்று வருடம் காலேஜ் ஆய்வகத்தில் நின்று நான் படித்ததை அம்மா இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். மஞ்சள் காரத்தில் சிவக்கும். அவ்வளவுதான் சோதனை. அலெக்ஸாண்டர் சார் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வீட்டில் துணி துவைக்கிறவர்கள் இருப்பார்கள்.

பிறகு அவர் மினிட்ஸுக்குச் சொல்லச் சொல்ல, மற்றவர் எழுதினார்: “சாட்சி லேபிளை வெட்டியதை ஒப்புக்கொண்டார். சாட்சிக்கு மீன் குழம்பில் நீண்ட அனுபவம் இருப்பது தெரியவருகிறது.”

அம்மாவை வெளியே போய் செக்யூரிட்டி ஷெட்டில் காத்திருக்கச் சொன்னார்கள். போகும்போது என்னைப் பார்த்து, “நான் எதுனா தப்பா பேசிட்டனாடீ?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

கதவு சாத்தியதும் அலெக்ஸாண்டர் சாரின் முகம் மாறியது. அன்பு வந்துவிட்டது. மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். நியமன உத்தரவு. என் பெயர் டைப் அடித்திருந்தது. நிரந்தரம், இன்றைய தேதியிலிருந்து. பதவி: கறை வகைப்பாட்டு அலுவலர். விசாரணைக்கு முன்னாலேயே அடித்து வைத்திருக்கிறார்கள்.

“உன்னை மாதிரி ஒரு ஆளைத்தான் ரொம்ப நாளா தேடறோம். இத்தனை வருஷமா ஒரு கிளார்க் எழுதறார். வியாழக்கிழமை மண்டபத்துல எவனாவது எழுந்து, எழுதினவனுக்கு என்ன தகுதின்னு கேட்டா? நீ கெமிஸ்ட்ரி. எர்ணாவூர்ப் பொண்ணு. உங்க ஊர்ப் பொண்ணே மீன் குழம்புன்னு எழுதினா உங்க ஊர்க்காரன் என்ன பேசுவான்? அதுலயும் அலுவலர் எழுதினா எழுதினதுதான். நானே அடிக்க முடியாது. எம்.டி. நெனச்சாலும் போர்டைக் கூட்டித்தான் மாத்தணும். யாரும் கையே வைக்க முடியாத மாதிரி அந்த விதியை எழுதினதே நான்தான். உனக்கு அவ்வளவு பெரிய பாதுகாப்பு.” கொஞ்சம் குனிந்து, “அப்பாவுக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். கார்டு அடுத்த வாரமே வந்துடும்” என்றார்.

முதல் வேலையாக என் சட்டையின் ஃபைலை நானே முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். கறை: மீன் குழம்பு. காரணம்: தாயின் கவனக்குறைவு. அலுவலர்களுக்கு விதி பதினேழு கிடையாதாம். அதனால் எட்டாவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். இனிமேல் மற்றவர்களுக்கு எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம்.

நான் கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்தேன். அப்பா ராத்திரியில் திரும்பிப் படுப்பதற்குக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடுகிற சத்தம் எனக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை சைமா கவுண்டருக்கு வருவதையும், நான் பேனாவோடு உட்கார்ந்திருப்பதையும், அவள் தோளைப் பார்த்து நான் எழுதப் போவதையும் நினைத்தேன். நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். போடும்போதே மற்றது முடிவாகிவிட்டது.

மேடம் கை கொடுத்தார். அருள்பிரகாசம் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து, மூடியைக் கழற்றிப் பேனாவைக் கொடுத்தார். நான் நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

பெயர்: சா. ஐரீன். உடை: மேல்சட்டை. கறை: சாம்பல். காரணம்: கொதிகலன் ஒன்று, கொதிகலன் இரண்டு.

கீழே கையெழுத்து, பதவி, தேதி. அலுவலர் முத்திரை புதிதாக இருந்தது. மையில் நன்றாகத் தோய்த்து அழுத்திக் குத்தினேன்.

அருள்பிரகாசம் தலைகீழாகவே படித்துவிட்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “பக்கத்துக்கு நம்பர் போட்டுக் கீது சார்,” என்று அலெக்ஸாண்டர் சாரைப் பார்த்துச் சொன்னார். “கிழிக்க முடியாது.”

அலெக்ஸாண்டர் சார் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். படித்தார். பேனாவை எடுத்து அந்த வரியின்மேல் கொண்டுபோனார். அங்கேயே நின்றது கை. அவர் எழுதிய விதி அவருக்கு நன்றாகத் தெரியும். “போர்டு கூட்டணும்னா இருபத்தோரு நாள் நோட்டீஸ்,” என்று யாரிடமோ போலச் சொன்னார். அன்றைக்குச் சனிக்கிழமை, வியாழக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

நியமன உத்தரவின் பின்பக்கத்தில் ராஜினாமா என்று எழுதி, கையெழுத்திட்டு மேஜைமேல் வைத்தேன். நிரந்தர ஊழியராகப் பதினோரு நிமிடம் இருந்திருக்கிறேன்.

அம்மா ஷெட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“வேல குட்த்தாங்களா?”

“குட்த்தாங்க. வுட்டுட்டேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. ஆனால் அதைத்தான் நினைத்தாள், எனக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் போனை வைத்துவிட்டு வழியை மறித்தார். மாடியிலிருந்து சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டுப் போகிறவர்கள் யூனிஃபார்மைத் துவைத்து, இஸ்திரி போட்டு, வெள்ளையாக ஏழு நாளைக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினார். பாவம், அவருடைய காலரும் உள்ளூர்தான்.

“துவைக்கப் போறதில்லண்ணே,” என்றேன். “வியாழக்கிழமை மண்டபத்துக்கு இப்படியே போட்டுக்கினுதான் வருவேன்.”

அவர் விலகவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. நான் பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.